வீட்டுக் காற்றில் ரேடான்: டிராம்பேயில் வளர்ந்த ஓர் அளவீட்டின் வரலாறு

ரேடான் நிறமும் மணமும் சுவையும் அற்ற கதிரியக்க வாயு. பாறையிலும் மண்ணிலும் இம்மியளவு கலந்திருக்கும் யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியம் ஆகிறது. ரேடியம் சிதையும்போது ரேடான் பிறக்கிறது. வாயு என்பதால் அது மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. திறந்த வெளியில் காற்றோடு கலந்து கரைந்துவிடும். வீட்டுத் தரையின் விரிசல் வழியே உள்ளே நுழைந்தால் அறைக்குள் சேர்ந்து தங்கும். 3.8 நாளில் அதில் பாதி சிதைந்து பொலோனியம், ஈயம், பிஸ்மத் ஆகியவற்றின் கதிரியக்க அணுக்களாக மாறுகிறது. இந்த வழித்தோன்றல்கள் தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சோடு போய் நுரையீரலில் படிகின்றன. அங்கே அவை உமிழும் ஆல்ஃபா துகள்கள் திசுக்களைத் தாக்குகின்றன. பல நாடுகளில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலை அடுத்த காரணமாக ரேடானையே உலக சுகாதார நிறுவனம் வைக்கிறது.

இந்திய வீடுகளில் இந்த வாயுவை அளக்கும் முறை பெருமளவு மும்பையின் கிழக்குக் கரையில், செம்பூருக்கு அப்பால் உள்ள டிராம்பேயில் உருவானது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வடாலாவோ ரேடான் குறைந்திருக்க எல்லாப் பொருத்தமும் கொண்ட இடம். அதற்குப் பாதிக் காரணம் காலடியில் உள்ள பாறையும் மண்ணும். மீதிப் பாதி, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளைநோய்க்கு அஞ்சி வைக்கப்பட்ட சன்னல்கள். எனவே வீட்டு ரேடானின் வரலாறு கருவிகளின் வரலாறாக இருப்பதோடு, வீடு கட்டும் முறையின் வரலாறாகவும் இருக்கிறது.

சுரங்கம் கற்றுத் தந்தது

நோய் முதலில் தெரிந்தது. வாயு பிறகுதான் தெரிந்தது. 1556இல் வெளிவந்த அக்ரிக்கோலாவின் சுரங்கவியல் நூல், சுரங்கத் தொழிலாளர்களை அரித்துக் கொல்லும் நெஞ்சு நோயைப் பற்றிப் பேசுகிறது. கார்ப்பேத்திய மலைச் சுரங்கப் பகுதியில், கணவர்களை இந்த நோய்க்கு ஒருவர்பின் ஒருவராகப் பறிகொடுத்து ஏழு முறை மணம் முடித்த பெண்களும் உண்டு என்று அது குறிப்பிடுகிறது. 1879இல் ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கங்களை ஆராய்ந்த ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் இரு மருத்துவர்கள் அந்த நோய் நுரையீரலில் வளரும் புற்று என்று கண்டனர். அப்போது கதிரியக்கம் என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை.

1899இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ரூதர்ஃபோர்டும் ஓவன்ஸும் தோரியத்திலிருந்து ஏதோ ஒன்று காற்றில் கசிவதைக் கவனித்தனர். அடுத்த ஆண்டு ஜெர்மானியரான டோர்ன், ரேடியத்திலிருந்தும் அத்தகைய கசிவு வருவதைக் கண்டார். முதலாவது இன்று தோரான் எனப்படுகிறது, இரண்டாவது ரேடான். வேதியியல் குணத்தில் இரண்டும் ஒன்றே, ஆயுளில்தான் வேறுபாடு. ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள், தோரானுடையது 56 விநாடிக்கும் சற்றுக் குறைவு. பிற்காலத்தில் இந்திய அளவீட்டாளர்களுக்குப் பெரும் தலைவலியாக அமைந்தது இந்த வேறுபாடே.

பம்பாய் இதில் விரைவிலேயே கலந்துகொண்டது. 1910களின் தொடக்கத்தில் செயின்ட் சேவியர் கல்லூரியின் ஸ்டைக்கென் பாதிரியார், பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த தூவா வெந்நீர் ஊற்றின் நீர், வாயு, பாறை ஆகியவற்றின் கதிரியக்கத்தை ஆராய்ந்து எழுதினார். கதிரியக்க நீர் உடலுக்கு நல்லது என்று உலகம் நம்பிய காலம் அது.

மணவாளக்குறிச்சி மணல் டிராம்பேக்கு வந்த வழி

டிராம்பேயில் தோரான் ஓர் ஆய்வுப் பொருளானதற்கு வேர் தென்கோடிக் கடற்கரையில் இருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் கொண்ட மோனசைட் கனிமம் இருப்பதை ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார் 1909இல் கண்டறிந்தார். அதன் மூலத்தைத் தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்து அங்கே ஆலை அமைத்தார். ஆஸ்திரிய வேதியியலார் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் உருவாக்கிய விளக்கு வலைக்குத் தோரியம் வேண்டியிருந்தது. தோரியம் ஆக்சைடும் சிறிதளவு சீரியமும் கொண்ட அந்த வலைதான் தமிழ்நாட்டுத் திருமணப் பந்தல்களிலும் கோயில் திருவிழாக்களிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் ‘மேண்டில்’.

விடுதலைக்குப் பின் 1950இல் இந்திய அரிய மணல் நிறுவனம் தொடங்கப்பட்டது. கேரளத்தின் ஆலுவா ஆலை 1952இல் மோனசைட்டைப் பிரிக்கத் தொடங்கியது. அங்கிருந்து வந்த தோரியச் செறிவைத் தோரியம் நைட்ரேட்டாக மாற்றும் ஆலை 1955இல் டிராம்பேயில் அமைந்தது. மேண்டில் செய்வோருக்கு மூலப்பொருள் அங்கிருந்து போயிற்று. இந்தியக் கடற்கரை மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு உண்டு. அதைக் கையாளும் கூடத்தில் தோரான் ஓயாமல் வெளிவரும். அங்கு வேலை செய்வோரின் மூச்சுக் காற்றை அளந்தே ஆக வேண்டும்.

1954இல் தொடங்கிய டிராம்பே அணுசக்தி நிலையம், ஹோமி பாபா மறைந்த மறு ஆண்டு, 1967இல், பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாறியது. அதன் கதிரியக்கப் பாதுகாப்புப் பிரிவினர் ஆலைக் கூடங்களில் தொடங்கிய அளவீட்டை, ஜார்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்துக்கும் கொண்டு சென்றனர். 1980கள் வரை அவர்களுக்கு ரேடான் தொழிலாளர் பாதுகாப்பு தொடர்பான விஷயமாகவே இருந்தது. வீட்டுக் காற்று அப்போது அவர்கள் கணக்கில் இல்லை.

வடாலாவின் மண்ணும் பிளேக் வைத்த சன்னலும்

மும்பைத் தீவுகள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான தக்காணக் கருங்கல் மேல் அமைந்தவை. பசால்ட் எனப்படும் இந்தப் பாறையில் யுரேனியம் மிகக் குறைவு. பெங்களூரும் தமிழ்நாட்டின் மலைப் பகுதிகளும் அமர்ந்திருக்கும் கிரானைட், நைஸ் வகைப் பாறைகளில் பொதுவாக அதைவிடப் பல மடங்கு உண்டு. நாடு தழுவிய இயற்கைக் கதிர்வீச்சு அளவீடுகளில் தக்காணக் கருங்கல் பகுதி குறைந்த வரிசையில் இடம்பெறுவது இதனால்தான்.

வடாலாவுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. அதன் கிழக்குப் பகுதி உப்பளமும் சதுப்பும் கடல் சேறுமாக இருந்து தூர்க்கப்பட்டது. நீர் ஊறிய களிமண்ணின் துளைகளில் வாயு நகர்வது கடினம். காற்றில் பரவுவதைக் காட்டிலும் ரேடான் நீரில் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். கீழிருந்து புறப்படும் வாயு மேலே வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் சிதைந்துவிடும்.

மூன்றாவது காரணம் மனிதர் செய்தது. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. நெருக்கடியான, வெளிச்சமும் காற்றும் புகாத, ‘சால்’ எனப்படும் அடுக்குக் குடியிருப்புகளே நோயின் இருப்பிடம் என்று அரசு கருதியது. 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் அகன்ற சாலைகளும் தோட்டங்களும் தனித்து நிற்கும் கட்டடங்களுமாகப் புதிய குடியிருப்புகளை அது திட்டமிட்டது. தென்னிந்தியர் திரளாக வந்து குடியேறிய மாட்டுங்காவும், அதன் பக்கத்தில் ‘ஐந்து தோட்டங்கள்’ எனப்படும் பகுதியும், வடாலாவின் பழைய மூன்று மாடி வீடுகளும் அந்தத் திட்டத்தின் பிள்ளைகள்.

அறக்கட்டளையின் தலைவராயிருந்த ஓர் (Orr) என்பவர், பம்பாய் வீடுகளில் வெளிச்சமும் காற்றும் என்ற பொருளில் 1912இல் விரிவுரை நிகழ்த்தினார். அறக்கட்டளை கைக்கொண்ட 63.5 பாகை விதி அவரோடு சேர்த்துப் பேசப்படுவது. அறையின் சன்னலிலிருந்து அந்தச் சாய்வில் மேல்நோக்கினால் எதிர்க் கட்டடம் மறைக்காமல் வானம் தெரிய வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், எதிர்க் கட்டடத்தின் உயரத்தில் பாதியளவு இடைவெளி விட வேண்டும் என்பதே அதன் பொருள். பிளேக் தெள்ளுப்பூச்சியால் பரவுவது. சன்னல் அதை நேராகத் தடுக்காது. ஆனால் அந்த விதியால் வந்த குறுக்குக் காற்றோட்டம், அப்போது யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு வாயுவையும் வீட்டுக்குள் தங்கவிடாமல் செய்தது.

காற்றோட்டம் எவ்வளவு வலிமையானது என்பதை எளிய கணக்கு ஒன்று விளக்கும். மூடிய பெட்டிக்குள் இருக்கும் ரேடான் ஒரு மணி நேரத்தில் முக்கால் விழுக்காடுதான் சிதையும். ஒரு மணி நேரத்தில் அறைக் காற்றில் பாதி மாறினாலே, சிதைவைப் போல 60 மடங்குக்கு மேல் வேகமாக ரேடான் வெளியேறுகிறது. ஆகவே அறையின் ரேடான் அளவைத் தீர்மானிப்பவை இரண்டே: தரை வழியே எவ்வளவு நுழைகிறது, சன்னல் வழியே எவ்வளவு போகிறது.

பருவக்காற்றைக் காட்டிக் கொடுத்த வாயு

பம்பாயின் திறந்த வெளிக் காற்றிலுள்ள ரேடான் வேறொரு துறைக்குப் பயன்பட்டது. கடற்பரப்பிலிருந்து வெளிவரும் ரேடான் நிலத்திலிருந்து வருவதில் நூறில் ஒரு பங்கு அளவே. எனவே ஒரு காற்றில் ரேடான் மிகுந்திருந்தால் அது அண்மையில் நிலத்தைத் தொட்டு வந்தது. குறைந்திருந்தால் நெடுந்தொலைவு கடல்மேல் பயணம் செய்தது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ராமா என்னும் அறிவியலார் இதைக் கொண்டு தென்மேற்குப் பருவக்காற்றின் பாதையை ஆராய்ந்தார். அவரது கட்டுரை 1970இல் வெளியானது.

வீட்டுக்கும் இதனால் ஒரு பொருள் உண்டு. சூன் முதல் செப்டம்பர் வரை வடாலாவின் சன்னலுக்குள் நுழைவது பெரும்பாலும் அரபிக் கடலின் காற்று. ரேடான் அறவே குறைந்த காற்று அது. குளிர்காலத்தில் நிலக்காற்று வீசும்போது, இரவிலும் விடியலிலும் தரையை ஒட்டிய காற்று அசையாமல் நிற்கையில், வெளியிலேயே அளவு சற்று ஏறும். ஒரு வீட்டின் உண்மை நிலையை அறிய ஒரு நாள் அளவீடு போதாது, ஆண்டு முழுதும் அளக்க வேண்டும் என்ற விதிக்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுக்குள் பார்வை திரும்பியது

வீட்டு ரேடானை முதலில் முறையாக அளந்தவர்கள் சுவீடன் நாட்டினர். 1950களில் அங்கே ஹுல்ட்க்விஸ்ட் நடத்திய ஆய்வு 1956இல் வெளியானது. யுரேனியம் கலந்த படிகாரக் களிப்பாறையிலிருந்து செய்த நீலக் கான்கிரீட் வீடுகளில் அளவு கூடியிருந்தது தெரிந்தது. எனினும் அந்தக் கான்கிரீட்டின் உற்பத்தி 1975இல்தான் நின்றது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிராண்ட் ஜங்ஷன் நகரில், யுரேனிய ஆலையின் கழிவு மணலை ஆயிரக்கணக்கான வீடுகளின் அடித்தளத்துக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். 1970களில் அவற்றைத் தோண்டி அகற்ற வேண்டி வந்தது.

இவை மனிதர் செய்த பிழைகள் என்று உலகம் எண்ணியது. 1984 டிசம்பரில் அந்த எண்ணம் மாறியது. பென்சில்வேனியாவில் கட்டப்பட்டுவந்த லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ராஸ் என்னும் பொறியாளர் கதிர்வீச்சு எச்சரிக்கை வாயிலைக் கடந்தபோது மணி அடித்தது. நிலையம் அப்போது இன்னும் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கியிருக்கவில்லை. கதிரியக்கம் அவருடைய வீட்டிலிருந்து உடையில் ஒட்டி வந்திருந்தது. சோதித்தபோது அந்த வீட்டின் காற்றில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,00,000 பெக்கரெல் ரேடான் இருந்தது. பெக்கரெல் என்பது ஒரு நொடிக்கு ஓர் அணு சிதைவதைக் குறிக்கும் அலகு. கழிவும் இல்லை, ஆலையும் இல்லை. வீட்டின் அடியிலிருந்த இயற்கைப் பாறையே காரணம். 1988இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ரேடானை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. அதே ஆண்டு அமெரிக்கா வீட்டு ரேடான் குறைப்புச் சட்டம் இயற்றியது.

சுரங்க அளவீட்டில் கைதேர்ந்திருந்த டிராம்பே ஆய்வாளர்களும் 1980களில் வீடுகளுக்குள் நுழைந்தனர். சுப்பராமு, ராமச்சந்திரன் முதலியோர் வீட்டுக் காற்றிலிருந்து நுரையீரல் பெறும் கதிர்வீச்சைக் கணக்கிட்டு எழுதிய கட்டுரைகள் அந்தப் பத்தாண்டைச் சேர்ந்தவை.

சிவப்புப் படலமும் இரட்டைக் கிண்ணமும்

ஆயிரக்கணக்கான வீடுகளை அளக்க விலையுயர்ந்த மின்னணுக் கருவி ஒத்துவராது. மின்சாரம் வேண்டாத, மாதக்கணக்கில் தொங்கவிடக்கூடிய, அஞ்சலில் அனுப்பத்தக்க ஒன்று தேவை. அதற்குக் கிடைத்தது எல்ஆர்-115 என்னும் சிவப்பு நிற செல்லுலோஸ் நைட்ரேட் படலம். பாலியெஸ்டர் தாளின்மேல் 12 மைக்ரான் தடிமனில் பூசப்பட்ட இந்தப் படலத்தில் ஆல்ஃபா துகள் பட்டால், கண்ணுக்குத் தெரியாத தழும்பு விழும். ஒளி பட்டாலும் பீட்டா, காமா கதிர்கள் பட்டாலும் எதுவும் ஆகாது.

படலத்தை வீட்டில் மூன்று மாதம் தொங்கவிட்டபின் ஆய்வுக்கூடத்தில் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்த எரிசோடாக் கரைசலில் ஒன்றரை மணி நேரம் ஊறவைப்பார்கள். தழும்பு அரிக்கப்பட்டு ஊடுருவும் துளையாகும். பிறகு படலத்தை உரித்து மின்பொறி எண்ணியில் இடுவார்கள். ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு பொறி பாயும், கருவி எண்ணிக்கொள்ளும். துளைகளின் எண்ணிக்கையிலிருந்து காற்றிலிருந்த ரேடானின் அளவு கணக்கிடப்படும். ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு நான்கு படலங்கள், பருவத்துக்கு ஒன்று என்பது வழக்கமாயிற்று.

ஆனால் இந்தியாவில் தோரியம் மிகுதி என்பதால் தோரானும் தழும்பு போடும். இரண்டையும் பிரிக்க மையா, ஈப்பன், நம்பி ஆகியோர் வகுத்த இரட்டைக் கிண்ணக் கருவி 1998இல் வெளியானது. ஒரு கிண்ணத்தின் வாயை வடிதாள் மூடியிருக்கும். இரு வாயுக்களும் நுழையலாம். மற்றதன் வாயில் மெல்லிய சவ்வு. அதைக் கடந்து உள்ளே பரவுவதற்குள் தோரான் சிதைந்து தீர்ந்துவிடும், நீண்ட ஆயுளுள்ள ரேடான் மட்டும் சேரும். கழித்தல் கணக்கில் தோரானின் பங்கு கிடைக்கும். ஆயுளில் உள்ள வேறுபாட்டையே சல்லடையாக்கிய உத்தி இது.

இரட்டைக் கிண்ணத்தில் ஒரு குறை இருந்தது: இரு வாய்களும் எதிரெதிர்த் திசையில் இருந்ததால், தோரான் இடத்துக்கு இடம் மாறும் அறையில் இரண்டும் ஒரே காற்றைப் பார்க்கவில்லை. சாகூ, சப்ரா முதலியோர் 2013இல் வெளியிட்ட ஊசித்துளைக் கருவி அதைத் தீர்த்தது. வாய் ஒன்றே, முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே நான்கு ஊசித்துளைகள் கொண்ட தட்டு. இதற்கிடையில் ரோசலின் மிஸ்ராவும் மையாவும் வாயுவை விட்டுவிட்டு, நுரையீரலை உண்மையில் தாக்கும் வழித்தோன்றல்களை நேரே படியவைத்து அளக்கும் உணரியை 2008இல் வெளியிட்டனர். உடனுக்குடன் அளவு காட்டும் ‘ஸ்மார்ட் ஆர்என்டூயோ’ என்ற மின்னணுக் கருவியும் டிராம்பேயில் உருவானதே.

நாடு முழுவதும் தொங்கிய கிண்ணங்கள்

டிராம்பேயின் கருவிகளையும் முறையையும் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்டன. அமிர்தசரஸ் குருநானக் தேவ் பல்கலைக்கழகம் பஞ்சாபிலும் இமாச்சலத்திலும், கட்வால் பல்கலைக்கழகம் இமயமலைக் கிராமங்களிலும் அளந்தன. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் செல்வசேகரபாண்டியன் குழுவினர் நீலகிரியில் உதகமண்டலம், குன்னூர், கூடலூர் வீடுகளை அளந்தனர். சுமார் 1,500 இந்திய வீடுகளின் அளவுகளைத் தொகுத்து ராமச்சந்திரனும் பிறரும் 2003இல் தந்த கணக்கில், ரேடானின் பெருக்குச் சராசரி கன மீட்டருக்கு 23 பெக்கரெல். உலக வீடுகளுக்கு ஐ.நா. அறிவியல் குழு கூறும் சராசரி சுமார் 40. எல்லா வீட்டிலும் குறைவு என்பதல்ல. குளிருக்கு அஞ்சிச் சன்னல் இல்லாமல் மண்ணாலும் கல்லாலும் கட்டிய இமயமலை வீடுகளில் குளிர்காலத்தில் அளவு நன்றாக ஏறியது.

மோனசைட் மணல் நிறைந்த கேரளத்தின் கருநாகப்பள்ளி வட்டத்தில் கதை வேறு. அங்கே தரையிலிருந்து வரும் காமா கதிர்வீச்சு பல இடங்களில் மிக அதிகம். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990இல் தொடங்கிய ஆய்வில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு தொடர்ந்து கவனித்தது. அந்தக் காமா கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் அது அறிவித்தது. காற்று புகுந்து புறப்படும் கடற்கரை வீடுகளில் வாயு தேங்குவது அரிது.

அபாயத்தின் அளவையும் அதே காலத்தில்தான் உலகம் எண்ணால் கூறத் தொடங்கியது. ஐரோப்பாவின் 13 ஆய்வுகளைச் சேர்த்து 2005இல் வெளியான தொகுப்பு, கன மீட்டருக்கு 100 பெக்கரெல் கூடினால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் சுமார் 16 விழுக்காடு கூடும் என்றது. புகைபிடிப்போருக்கு அடிப்படை அபாயமே பெரிது என்பதால் அந்தக் கூடுதல் அவர்களுக்கு மிகப் பெரிதாகிறது. 2009இல் உலக சுகாதார நிறுவனம், வீடுகளுக்கு 100 பெக்கரெல் என்ற வரம்பைப் பரிந்துரைத்து, இயலாத நாடுகள் 300ஐத் தாண்டக் கூடாது என்றது.

குறைக்கும் வழிகள்

குறைப்பு முறைகள் இரு கிளைகளாக வளர்ந்தன. குளிர்நாடுகளில் சன்னலைத் திறந்து வைக்க முடியாது. ஆகவே அங்கே வாயுவைத் தரைக்கு அடியிலேயே பிடிக்கிறார்கள். தளத்தில் துளையிட்டு, ஜல்லிப் படுகைக்குள் பிவிசி குழாய் இறக்கி, ஓயாமல் சுழலும் சிறு விசிறியால் மண்ணின் காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேல் விடுவார்கள். தளத்துக்கு அடியில் அழுத்தம் குறைவதால் வாயு வீட்டுக்குள் நுழையாது. விரிசல்களைப் பூசி அடைப்பது இதற்குத் துணை. அது மட்டும் போதாது. நன்றாக அமைத்த உறிஞ்சு குழாய் அளவைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவருவதுண்டு.

இந்தியாவில் குறைப்பு பெரும்பாலும் வேறு காரணங்களுக்காகச் செய்த மாற்றங்களோடு வந்தது. மண் தரைக்குப் பதில் சிமென்ட் தளம், கூரைக்கு அடியில் காற்றுப் பொந்து, சமையல் புகை போகச் சன்னல் ஆகியவை ஒவ்வொன்றும் ரேடானையும் தோரானையும் குறைத்தன. சிமென்ட் தளம் தோரானுக்கு எதிராகக் குறிப்பாக வலிமையானது; ஒரு நிமிடத்துக்குள் பாதியாகும் வாயுவுக்குப் பூச்சைக் கடக்க நேரம் போதாது. மேலே சுழலும் மின்விசிறிக்கும் பங்கு உண்டு. அது வாயுவைக் குறைக்காவிட்டாலும், காற்றைக் கலக்குவதால் வழித்தோன்றல்கள் சுவரிலும் தளவாடத்திலும் படிந்து, மூச்சில் போவது குறைகிறது.

கட்டுமானப் பொருளிலும் கவனம் வந்தது. உர ஆலைகளில் பாஸ்பேட் பாறையிலிருந்து அமிலம் எடுத்தபின் மிஞ்சும் பாஸ்போ ஜிப்சத்தில் ரேடியம் இருக்கும். செம்பூரின் ராஷ்டிரிய கெமிக்கல்ஸ் அண்டு ஃபெர்டிலைசர்ஸ் ஆலையில் இந்த ஜிப்சத்திலிருந்து கண்ணாடி இழைச் சுவர்ப் பலகைகள் செய்யும் பிரிவு அமைந்தது. சென்னை ஐஐடி அத்தகைய பலகைகளால் வீடு கட்டும் முறையை வகுத்தது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 2009இல் பிறப்பித்த ஆணை, கட்டுமானத்துக்குச் செல்லும் பாஸ்போ ஜிப்சத்தில் ரேடியம் கிராமுக்கு 1 பெக்கரெலைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியது.

இன்றைய வடாலா

வடாலாவின் காலடிப் பாறை மாறவில்லை, வீடு மாறிவிட்டது. லாரி முனையத்தைச் சுற்றியுள்ள பழைய வெளிகளில் உயர்ந்த கோபுரங்கள் எழுந்துள்ளன. பத்தாவது மாடிக்கு மண்ணின் வாயு ஏறி வருவது அரிது. அங்கே மிஞ்சுவது சுவரும் கான்கிரீட்டும் தரும் சிறு பங்கு. ஆனால் இரவு முழுதும் சன்னலை அடைத்து ஓடும் ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றையே சுழற்றுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. பழைய வீட்டில் சன்னல் இலவசமாகச் செய்த வேலையை இங்கே வேறு எதுவும் செய்வதில்லை.

மறுபுறம், 63.5 பாகை விதி கைவிடப்பட்ட இடங்கள் உள்ளன. குடிசைவாசிகளுக்காகக் கோவண்டி, மான்குர்டு பகுதிகளில் கட்டப்பட்ட மறுகுடியமர்வுக் கட்டடங்கள் சில மீட்டர் இடைவெளியில் நெருக்கி நிற்கின்றன. அவற்றில் காற்றும் வெளிச்சமும் குறைந்த கீழ்த்தள வீடுகளுக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பை 2018இல் வெளியான ஆய்வு சுட்டியது. ஒரு நூற்றாண்டுக்கு முன் பிளேக்கை முன்வைத்து எழுந்த அதே கேள்வி இது. காற்று மாறாத அறையில் காசநோய்க் கிருமி தங்குவது போலவே ரேடானின் வழித்தோன்றல்களும் தங்கும்.

வடாலாவில் ஒரு வீட்டைச் சோதிப்பதானால் நெறிமுறை இதுதான். தரைத்தளத்தில், மண்ணைத் தொட்டிருக்கும், அதிகம் மூடியிருக்கும் படுக்கையறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிண்ணத்தைச் சுவரிலிருந்து சற்று விலக்கி, சன்னல், விசிறி, அடுப்பு ஆகியவற்றின் நேர்க்காற்று படாத இடத்தில் தொங்கவிட வேண்டும். சுவரை ஒட்டினால் தோரான் கணக்கைக் குழப்பும். மழைக்காலத்தில் மட்டும் அளந்தால் கடற்காற்றின் தயவால் எண் குறைந்து தெரியும். குளிர்காலத்தையும் சேர்த்து ஆண்டு முழுதும் அளப்பதே சரி. ஆண்டுச் சராசரி 100 பெக்கரெலுக்குள் இருந்தால் வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. தாண்டினால் தளத்தின் விரிசலை அடைத்து, எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து மீண்டும் அளக்க வேண்டும். அதற்குப் பிறகும் குறையாத வீட்டுக்குத்தான் தளத்துக்கு அடியில் உறிஞ்சு குழாய் தேவைப்படும்.